வன்தட்டின் வரப்புகள்



கல்லூரியில் பயிலும் பலரிடம் இன்று மடிக்கணினி இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால், 'சி' என்றும் 'டி' என்றும் இரண்டு பிரிவுகள் தென்படுவது வழக்கம். சில மாதங்கள் சென்றதும் 'சி' நிரம்பி மூச்சுமுட்டுகிறது. 'டி'யோ பாதிக்கு மேல் தரிசாகக் கிடக்கிறது. "இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாதா? ஒன்றாக்கினால் உள்ளே இருப்பவை அழிந்துபோகுமா?" என்று மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஒன்றாக்கலாம், முறையறிந்து செய்தால் ஒரு கோப்பும் அழியாது. அந்த முறையையும் அதற்குரிய காரணத்தையும் எடுத்துச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில், பிரிவு என்பது யாது? வன்தட்டை ஒரு பெரிய நிலமாகக் கருதுங்கள். அந்த நிலம் சிறுசிறு கட்டங்களாக அளக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திற்கும் வரிசையாக எண் இடப்பட்டிருக்கிறது. நெடுங்காலமாக ஒரு கட்டத்தின் அளவு 512 பைட்டாக இருந்து வந்தது. இன்றைய மடிக்கணினிகளில் சுழலும் தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்னும் சில்லு நினைவகம் இருக்கலாம். ஆயினும் கணினிக்கு அதுவும் எண்ணிட்ட கட்டங்களின் வரிசையே. இந்த வரிசையின் தொடக்கத்தில் ஒரு சிறு பட்டியல் இருக்கிறது. இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரை முதற்பிரிவு, அடுத்த எண்ணிலிருந்து இன்ன எண் வரை இரண்டாம் பிரிவு என்று அது கூறும். வயலின் வரப்பைக் கண்ணால் காணலாம். தட்டிலோ அப்படி ஒரு வரப்பும் இல்லை. பட்டியலில் உள்ள எண்களே வரப்பு.

இந்தப் பட்டியலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறியில் 50 தட்டுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து கொண்டது 50 இலட்சம் எழுத்துகளே. 1983-இல் அதே நிறுவனத்தின் 'பி.சி. எக்ஸ்.டி.' என்னும் மேசைக் கணினி 10 மெகாபைட் வன்தட்டுடன் வந்தது. அவ்வாண்டின் 'டாஸ் 2.0' இயங்குதளம் வகுத்த பட்டியலில் நான்கு பிரிவுகளைக் குறிக்க மட்டுமே இடம் இருந்தது. அதற்கு ஆன இடம் 64 பைட்டு. இன்று வழங்கும் 'ஜி.பி.டி.' என்னும் பட்டியலில் விண்டோஸ் 128 பிரிவுகள் வரை குறிக்கும். அதைவிடக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. இப்புதிய பட்டியலின் படி ஒன்று தட்டின் கடைசியிலும் எழுதி வைக்கப்படுகிறது. முதற்பட்டியல் பழுதானால், அந்தப் படியைக் கொண்டு அதை மீட்கலாம். பட்டியலை வகுத்த பொறியியலாரே ஒரு படியை மட்டும் நம்பவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இனி, இரண்டு பிரிவுகளுக்கு நடுவே உள்ள எல்லையெண்ணை அழித்துவிட்டால் போதாதோ என்று நீங்கள் கேட்கக்கூடும். போதாது. ஏனெனில், ஒவ்வொரு பிரிவும் தனக்கென ஒரு கோப்புப் பதிவேட்டை வைத்திருக்கிறது. எந்தக் கோப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அது குறித்திருக்கும். 'டி'யின் பதிவேடு ஒரு கோப்பு ஐந்நூறாம் இடத்தில் உள்ளது என்று கூறினால், 'டி'யின் தொடக்கத்திலிருந்து ஐந்நூறாம் இடம் என்பது பொருள். 'டி'யின் நிலத்தை 'சி'யோடு சேர்த்துவிட்டால், 'சி'யின் பதிவேட்டிற்கு அந்தக் கோப்பைப்பற்றி ஒன்றுமே தெரியாது; அவ்விடத்தை வெற்றிடம் என்றே கொண்டு, அதன்மேல் வேறொன்றை எழுதும். ஆகவே, இரு பிரிவுகளை இணைத்தல் என்று நாம் சொல்வது உண்மையில் மூன்று செயல்கள்: ஒரு பிரிவில் குடியிருப்பவற்றை வேறிடத்திற்கு மாற்றுதல், அப்பிரிவை நீக்குதல், மற்றதை அந்த இடம் வரை நீட்டுதல். இந்த வரிசை பிறழ்ந்தால் இழப்பு நேரும்.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். 512 ஜி.பி. என்று குறிக்கப்பட்ட எஸ்.எஸ்.டி.யை விண்டோஸ் ஏறக்குறைய 476 ஜி.பி. என்றே காட்டும். விற்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார். விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுகிறது. இடம் ஒன்றும் களவு போகவில்லை. இதில் 'சி' 120 ஜி.பி., 'டி' 355 ஜி.பி. என்றும், 'டி'யில் 90 ஜி.பி. அளவுக்குக் கோப்புகள் உள்ளன என்றும் கொள்வோம்.

முதற்செயல், அந்த 90 ஜி.பி.யையும் வேறொரு புறத்தட்டில் படியெடுத்தல். 'சி'யில் உள்ள உங்கள் சொந்தக் கோப்புகளையும் உடன் எடுத்துவிடுங்கள். எடுத்ததோடு நின்றுவிடாமல், கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, சிலவற்றைப் புறத்தட்டிலிருந்தே திறந்து பார்க்க வேண்டும். ஆய்வு மாணவி ஒருவர், "என் ஆய்வேடு 'சி'யில் ஒன்றும் 'டி'யில் ஒன்றுமாக இரண்டு இடங்களில் இருக்கிறது, எனக்கு அச்சமில்லை" என்று என்னிடம் கூறினார். இரண்டும் ஒரே தட்டின்மேல் இருக்கின்றன என்பதை எடுத்துச் சொன்னேன். ஒரே பெட்டியின் இரண்டு அறைகளில் பத்திரத்தையும் நகலையும் வைத்தால், பெட்டி தீப்பற்றும்போது இரண்டும் சேர்ந்தே எரியுமன்றோ? மூன்றாண்டு உழைப்பு அந்த ஒரு கோப்பில் இருந்தது. அன்று மாலையே அவர் அதற்கு ஒரு வெளிப்படி எடுத்துவிட்டார்.

இரண்டாவதாகச் சில முன்னேற்பாடுகள். 'டி'யில் ஏதேனும் மென்பொருளை நிறுவியிருந்தால், அதனை முறைப்படி நீக்கிவிட்டுப் பின்னர் 'சி'யில் நிறுவுதல் வேண்டும்; கோப்பை இடம் மாற்றுவதுபோல மென்பொருளை மாற்ற இயலாது. தட்டு 'பிட்லாக்கர்' பூட்டினால் காக்கப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். மின்னிணைப்பைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, 'ஸ்டார்ட்' பொத்தானின்மேல் வலச்சொடுக்கி, 'டிஸ்க் மேனேஜ்மெண்ட்' என்பதைத் திறக்க வேண்டும். தட்டின் வரைபடம் திரையில் விரியும். அதில் 'டி' எது என்பதைப் பெயரால் மட்டுமன்றி அளவாலும் உறுதிசெய்து, அதன்மேல் வலச்சொடுக்கி 'டெலீட் வால்யூம்' என்று கட்டளை இடுக. அவ்விடம் 'அன்அலகேட்டட்' என்று மாறும். இந்த ஒரு கட்டளைக்கு முன் நன்றாக நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நீக்கிய இடம் இனித் தேவையில்லை என்று எஸ்.எஸ்.டி.க்கு அறிவிக்கப்பட்டுவிட்டால், அது அவ்விடத்தைத் தானாகவே துடைத்துவிடக்கூடும். அதன்பின் மீட்பது மிக அரிது.

நான்காவதாக, 'சி'யின்மேல் வலச்சொடுக்கி 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' என்பதைத் தேர்ந்து, முழு இடத்தையும் அளித்துவிடலாம். 'சி' 475 ஜி.பி. ஆகும். சில நொடிகளில் வேலை முடிவதைக் கண்டு வியக்க வேண்டா. எந்தக் கோப்பும் நகரவில்லை. எல்லையெண்ணும், 'சி'யின் இடக்கணக்கும் மட்டுமே திருத்தப்பட்டன. பிறகு, புறத்தட்டில் உள்ளவற்றைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம். புறத்தட்டின் படியை அழிக்க வேண்டாம்.

சில வேளைகளில் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கிக் கிடக்கும். காரணம், வெற்றிடம் 'சி'யை ஒட்டி, அதற்கு வலப்புறமாகவே இருத்தல் வேண்டும் என்பது விண்டோஸின் விதி. இடையில் 'ரெக்கவரி' என்னும் மீட்புப் பிரிவு அமைந்திருந்தால் வழி அடைபடும். அதை அழித்துவிடலாமே என்று எண்ணாதீர்கள். இயங்குதளம் பழுதானால் கைகொடுப்பது அதுவே. 'ஜி-பார்ட்டெட்' போன்ற இலவசக் கருவிகளால் அதனை அப்பால் நகர்த்த முடியும். ஆனால், அங்கே மாறுவது எல்லையெண் மட்டுமன்று. உள்ளடக்கமே கட்டம் கட்டமாக இடம் பெயர்கிறது. நடுவில் மின்சாரம் நின்றால், பாதி இங்கும் பாதி அங்குமாக நின்றுவிடும். தொடங்குமுன்பே 'சி'யும் 'டி'யும் இரு வேறு தட்டுகளாக இருக்கின்றனவா என்றும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 'டிஸ்க் 0', 'டிஸ்க் 1' என்று தனித்தனியே காட்டப்பட்டால், நான் சொன்ன முறையில் அவற்றை இணைக்க இயலாது.

இறுதியாக ஒன்று. எல்லோரும் வரப்பை நீக்கத்தான் வேண்டுமா? இயங்குதளத்தை ஒரு பிரிவிலும் சொந்தக் கோப்புகளை மற்றொன்றிலும் வைப்பதில் நன்மை உண்டு. விண்டோஸை 'சி'யில் புதிதாக நிறுவும்போது 'டி'யைத் தொடாமல் விட்டுவிடலாம். 'சி'யில் இடமில்லை என்பது மட்டுமே குறையானால், 'டாக்குமெண்ட்ஸ்', 'டவுன்லோட்ஸ்' போன்ற உறைகளை அவற்றின் 'பிராப்பர்டீஸ்' பகுதியில் உள்ள 'லொகேஷன்' வழியாக 'டி'க்கு மாற்றிவிடலாம். பிரிவு எதையும் நீக்காமலே 'சி'க்கு இடம் கிடைத்துவிடும்.

எந்த வழியைக் கொண்டாலும், முதற்செயலை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிரிவுகளை இணைப்பவர்க்கு மட்டும் உரியதன்று அது. கணினி கீழே விழலாம், களவு போகலாம், தட்டே ஒருநாள் ஓய்ந்துபோகலாம். தேர்வுக்கும் ஆய்வுக்கும் உரியவற்றுக்கு வேறொரு தட்டில் ஒரு படியேனும் இருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.