காட்டுத்தீ வீரர்களுக்குள் காதல்: 14 நாள் பிரிவு முதல் நாமினி ஃபார்ம் வரை... என்னென்ன சிக்கல்?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் கோடை வந்தாலே காட்டுத்தீ சீசன்தான். பெரிய தீயை எதிர்கொள்ள அனுப்பப்படும் முக்கியமான படை 'ஹாட்ஷாட்' குழு. ஒரு குழுவில் சுமார் 20 பேர். ஆணும் பெண்ணும் சேர்ந்தே மண்வெட்டி, ரம்பத்தோடு தீத்தடுப்புக் கோடு வெட்டுவார்கள். மாதக்கணக்கில் ஒன்றாக வேலை, ஒன்றாகச் சாப்பாடு. இங்கே காதல் வருவது சகஜம். அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். ஏன்?

வேறு வேறு குழுவில் இருந்தால்?

ஒருமுறை தீயணைக்கக் கிளம்பினால் பொதுவாக 14 நாள் வேலை. பயண நாட்கள் தனி. ஒரு ஷிஃப்ட் 16 மணி நேரம் வரைகூட நீளும். ஒருவர் வீடு திரும்பும்போது மற்றவர் கிளம்பிப் போயிருப்பார். மலைக்காட்டில் பல இடங்களில் செல்போன் சிக்னலும் இருக்காது.

சரி, ஒரே குழுவில் இருந்தால்?

தினமும் பார்க்கலாம். ஆனால் ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரியாக இருந்தால் சிக்கல். ஆபத்தான இடத்துக்கு யாரை அனுப்புவது என்பதில் பாரபட்சம் வந்துவிட்டால், மொத்தக் குழுவின் உயிருக்கும் ஆபத்து.

தீ சூழ்ந்தாலும் குழுவாகத்தான் சிக்குவார்கள். 1994-ல் கொலராடோ மலைத்தீயில் 14 பேர் இறந்தனர். அதில் 9 பேர் ஒரே ஹாட்ஷாட் குழு. அந்த 9 பேரில் 4 பேர் பெண்கள். 2013-ல் அரிசோனாவில் ஒரே குழுவைச் சேர்ந்த 19 பேர் பலியானார்கள்.

கல்யாணம் ஆகவில்லை என்றால்?

பலரும் யோசிக்காத விஷயம் இதுதான். பணியில் இறக்கும் வீரரின் குடும்பத்துக்கு அமெரிக்க மத்திய அரசு ஒருமுறை உதவித்தொகை தருகிறது. முதல் உரிமை சட்டப்படியான கணவன் அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். அவர்கள் இல்லையென்றால், வீரர் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்த நாமினிக்கு. அதுவும் இல்லையென்றால் இன்சூரன்ஸ் நாமினிக்கு, அடுத்து பெற்றோருக்கு.

அதாவது, எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும், தாலுகா ஆபீஸ் பாணியில் சொன்னால், 'பேப்பர்ல பேர் இருக்கா?' என்பதுதான் கேள்வி. கல்யாணமும் இல்லை, நாமினியாகப் பெயரும் இல்லை என்றால், காதலனுக்கோ காதலிக்கோ இந்தப் பணத்தில் உரிமை இல்லை.

அரிசோனா விபத்துக்குப் பிறகு கல்யாணமான குடும்பங்களே போராட வேண்டியிருந்தது. இறந்த 19 பேரில் பெரும்பாலானோர் சீசன் ஊழியர்கள். நிரந்தர ஊழியர் குடும்பத்துக்குக் கிடைக்கும் சலுகை தங்களுக்கும் வேண்டும் என்று அவர்களின் மனைவிமார் கேட்டார்கள்.

கல்யாணத் தேதியைத் தள்ளிப்போடலாம். நாமினி ஃபார்மை மட்டும் அடுத்த சீசனுக்குத் தள்ளிப்போட முடியாது.