பழைய கார் ஏன் ஆயில் குடிக்கிறது?

பெட்ரோல் எஞ்சின் எதுவாயினும், அது புதிதாக ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே சிறிதளவு ஆயிலை எரித்துக்கொண்டுதான் இருக்கிறது. சிலிண்டரின் உட்சுவரை உரசியபடி மேலும் கீழும் ஓடும் பிஸ்டனும் அதன் வளையங்களும் தேயாதிருக்க வேண்டுமானால் அச்சுவரில் மெல்லிய ஆயில் படலம் எப்போதும் நிற்க வேண்டும். ஹோனிங் எனப்படும் வேலையால் சுவரில் குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கீறல்கள் இடப்படுவதும் அந்தப் படலம் தங்குவதற்காகவே. தங்கிய ஆயிலில் ஒரு சிறு பங்கு ஒவ்வொரு வெடிப்பிலும் எரிந்துபோகும். ஆகவே பழைய கார் ஆயில் குடிக்கிறது என்ற புகார் எழும்போது முதலில் தெரிய வேண்டியவை, எவ்வளவு குறைகிறது என்பதும் எவ்வழியாகக் குறைகிறது என்பதுமாகும். பல பட்டறைகளில் இவ்விரண்டும் கேட்கப்படுவதற்கு முன்பே ‘ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்’ என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. அத்தீர்ப்பு சில வேளை சரியாக இருக்கலாம். ஆனால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்குப் பல்லாயிரம் ரூபாய் செலவான கார்களும் உண்டு.

இந்தியாவில் பதினைந்து ஆண்டைக் கடந்த காரின் பதிவைத் தகுதிச் சோதனைக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள இடமுண்டு. இலங்கையிலோ 2020 முதல் 2025 தொடக்கம் வரை தனியார் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய காரைப் பேணிக்கொள்வதைத் தவிரப் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. இத்தகைய கார்களின் உரிமையாளர்களுக்கு ஆயில் கணக்கு ஒரு மாதாந்தரச் செலவாகவே ஆகிவிடுகிறது.

எவ்வளவு குறைந்தால் அதிகம் என்பதற்கு ஒரே விடை இல்லை. டொயோட்டா தன் கையேடுகள் பலவற்றில் 1000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் என்பதை மேல் வரம்பாகக் குறிப்பிட்டுள்ளது. இது உற்பத்தியாளர் தம்மைக் காத்துக்கொள்ளப் போட்டுக்கொண்ட வரம்பே ஒழிய, நல்ல எஞ்சினின் இலக்கணம் அன்று. அந்நிறுவனமே அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரையிலான கேம்ரி கார்களில் ஆயில் அளவுக்கு மீறிக் குறைந்தபோது, ஏறத்தாழ 1930 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான அளவை எல்லையாக வைத்துச் சோதித்து, அதைத் தாண்டிய எஞ்சின்களுக்குப் பிஸ்டன்களையும் வளையங்களையும் மாற்றித் தந்தது. சிறிய கார்களுக்கு இன்னும் கடுமையான அளவுகோல் தேவைப்படுகிறது. 796 சிசி எஞ்சின் கொண்ட மாருதி 800 போன்ற வண்டியில் மொத்த ஆயிலே மூன்று லிட்டர் அளவில்தான் இருக்கும். அதில் ஒரு லிட்டர் குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதாகும். எஞ்சியுள்ள ஆயில் அதிக வெப்பத்தைச் சுமந்து, விரைவில் கெட்டு, மேலும் வேகமாக எரிகிறது.

அளப்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். சமதரையில் நிறுத்திய வண்டியில், எஞ்சின் ஆறிய பின் டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுத்துப் பார்த்து, மேல் கோட்டளவுக்கு ஆயில் நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, 1000 கிலோமீட்டர் ஓடிய பின் அதே இடத்தில் அதே வகையில் பார்த்து, மறுபடி மேல் கோட்டை எட்ட எத்தனை மில்லிலிட்டர் ஊற்ற நேர்ந்தது என்று அளந்தால் உண்மை தெரியும். இரண்டு கிலோமீட்டர் தூரத்துக் கடைத்தெருவுக்கு மட்டுமே போய்வரும் கார் இந்தச் சோதனையில் ஏமாற்றும். எஞ்சின் முழுச் சூடாகாத ஓட்டத்தில் எரியாத பெட்ரோலும் நீர்த்துளிகளும் ஆயிலில் கலந்து அளவை நிரப்பிக் காட்டுகின்றன. பிறகு ஒரு நாள் சென்னையிலிருந்து திருச்சி வரை ஓடும்போது அவை ஆவியாகிவிட, ஒரே பயணத்தில் ஆயில் திடீரென்று குறைந்ததுபோலத் தோன்றுகிறது. மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறே. சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரைக்கச் செய்ய, அந்த நுரை காற்றோட்டக் குழாய் வழியே எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துபோகும்.

ஆயில் வெளியேறும் வழிகளில் முதலில் ஆராய வேண்டியது கசிவு. டேப்பெட் கவர் கேஸ்கெட், கிராங்க் தண்டின் முன்பின் ஆயில் சீல்கள், ஆயில் பிரஷர் சுவிட்ச், வடிகால் போல்ட்டின் வாஷர் ஆகியவை வயதான வண்டியில் வழக்கமாகக் கசியும் இடங்கள். தரையில் சொட்டு இல்லை என்பதால் கசிவு இல்லை என்று முடிவு செய்யலாகாது. எஞ்சின் ஓடும்போது மட்டும் அழுத்தத்தால் கசிந்து, சூடான சைலன்சர் குழாயில் பட்டுப் புகைந்துபோகும் ஆயில் தரைக்கு வருவதே இல்லை.

அடுத்தது, பட்டறைகளில் மிகுதியும் கவனிக்கப்படாத ஒன்று. பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, வெடிப்பு வாயுவில் ஒரு பகுதி கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் கசிந்து சேர்கிறது. முற்காலத்தில் இதை ஒரு குழாய் வழியே வெளிக்காற்றில் விட்டுவிடுவர். மாசைக் குறைக்கும் நோக்கில், 1960-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் தொடங்கி, அவ்வாயுவை மீண்டும் உள்ளிழுப்புக் குழாய்க்கே திருப்பி எரிக்கும் முறை வழக்கத்துக்கு வந்தது. அவ்வழியில் இருக்கும் சிறு ஒருவழி வால்வே பிசிவி வால்வு. பிசுக்கும் கரியும் படிந்து இவ்வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், வாயுவோடு ஆயில் ஆவியும் தடையின்றி இழுக்கப்பட்டு எரிகிறது; மூடியபடியே சிக்கிக்கொண்டால், உள்ளே அழுத்தம் பெருகி நல்ல சீல்களைக்கூடக் கசிய வைக்கிறது, வளையங்களைக் கடந்தும் ஆயிலை மேலே தள்ளுகிறது. கழற்றிக் குலுக்கினால் உள்ளே ‘கடகட’வென்று ஆடும் சத்தம் கேட்க வேண்டும், எஞ்சின் ஓடும்போது அதன் வாயில் விரலை வைத்தால் உறிஞ்சுவது தெரிய வேண்டும். இரண்டும் இல்லையெனில் மாற்றிவிடலாம். விலையும் குறைவு, வேலையும் சில நிமிடமே. எஞ்சினை இறக்கச் சொல்லும் எவரிடமும் இவ்வால்வைப் பார்த்தாயிற்றா என்று முதலில் கேட்பது தகும்.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் ஆயில் குறையுமானால், அது எரிகிறது என்பது உறுதி. எங்கிருந்து எரிகிறது என்பதைப் புகை வரும் நேரமே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியதும் ஒரு கொத்து நீலப் புகை வந்து பின் நின்றுவிடுமானால், வால்வுத் தண்டுகளைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்கள் இறுகிவிட்டன என்று கொள்ளலாம். மேலே தேங்கிய ஆயில் இரவில் தண்டு வழியே மெல்ல இறங்கி நிற்பதால் விளைவது இது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் கியர் போட்டு இறங்கிவிட்டு, அடிவாரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் புகை கிளம்பினாலும் குற்றம் பெரும்பாலும் வால்வுப் பக்கமே. மூடிய த்ராட்டிலால் உள்ளிழுப்புக் குழாயில் உண்டாகும் வெற்றிடம் தேய்ந்த வால்வு கைடு வழியாக ஆயிலை உறிஞ்சிவிடுவதே அதற்குக் காரணம். (புகைக்கு அஞ்சி மலைச்சரிவில் நியூட்ரலில் இறங்குவது பிரேக்கைச் சூடேற்றி உயிருக்கே உலை வைக்கும்; அப்பழக்கம் எக்காரணத்தாலும் கூடாது.) வால்வு சீல்களை மாற்ற ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, ஸ்பார்க் பிளக் துளை வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தி வால்வு கீழே விழாமல் நிறுத்தி வைத்துக்கொண்டு, மேலிருந்தே ஸ்பிரிங்கைக் கழற்றிச் சீலை மாற்றும் முறை பல எஞ்சின்களுக்குப் பொருந்தும்.

வேகமெடுக்கும்போதெல்லாம் தொடர்ந்து நீலப் புகை வருமானால் வளையங்களை நோக்க வேண்டியதாகிறது. பிஸ்டனில் பொதுவாக மூன்று வளையங்கள் உண்டு. மேலிரண்டும் வெடிப்பழுத்தத்தைத் தாங்குபவை. மூன்றாவதாகிய ஆயில் வளையம், சுவரில் மிகுந்த ஆயிலை வழித்து, தன் பின்புறமுள்ள சிறு துளைகள் வழியே கீழே வடியவிடுவது. ஆயில் மாற்றும் தவணையை நீட்டித்துக்கொண்டே போகும் வண்டிகளில் இத்துளைகளிலும் வளையம் அமரும் பள்ளத்திலும் கரி இறுகிவிடுகிறது. துளை அடைந்து வளையம் அசையாமல் ஒட்டிக்கொண்டால், வழித்த ஆயிலுக்குப் போக வழியில்லாமல் அது மேலேயே தங்கி எரிகிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை மேல் வளையங்களின் நிலையை மட்டுமே சொல்லும். ஆயில் வளையம் ஒட்டிக்கிடந்தாலும் அச்சோதனை குறையின்றியே வரக்கூடும். அழுத்தம் நன்றாக இருக்க ஆயில் மட்டும் குறைகிறதென்றால், தேய்மானத்தைவிடக் கரியடைப்பே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இது நல்ல செய்தியே, ஏனெனில் தேய்ந்த உலோகம் திரும்பி வராது. கரியோ ஓரளவு கரையும்.

கரியைக் கரைக்க நிதானமான வழி, கழிவுநீக்கித் தன்மை மிகுந்த தரமான ஆயிலை ஊற்றி, அடுத்த இரண்டு மூன்று தவணைகளை வழக்கத்தில் பாதியாக, அதாவது 5000 கிலோமீட்டர் அளவிலோ அதற்கும் குறைவாகவோ, ஃபில்டருடன் மாற்றுவதாகும். ஸ்பார்க் பிளக் துளை வழியே கரைப்பானை ஊற்றி இரவு முழுதும் ஊறவிடும் முறையும் கையாளப்படுகிறது. அதற்குப் பின் பிளக்குகளை மாட்டாமல் எஞ்சினைச் சுழற்றி எஞ்சிய திரவத்தை வெளியேற்றி, ஆயிலையும் உடனே மாற்றியாக வேண்டும், இல்லையேல் திரவம் அமுங்காமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஐந்து நிமிடத்தில் உள்ளே கழுவிவிடுவதாகச் சொல்லும் ஃப்ளஷ் திரவங்களைப் பல ஆண்டு கசடு படிந்த எஞ்சினில் ஊற்றுவது விரும்பத்தக்கதன்று. கட்டியாகப் பெயரும் கசடு ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால், பேரிங்குகள் ஆயிலின்றி நிமிடங்களில் கருகும்.

ஆயிலின் தேர்வும் அளவைக் குறைக்கும். டப்பாவில் 5டபிள்யூ-30 என்றிருந்தால், முதலெண் குளிரில் அது எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாமெண் நூறு டிகிரி வெப்பத்தில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கின்றன. தமிழகச் சமவெளிகளில் குளிர்கால எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை; கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் 30-லிருந்து 40-க்கு மாறினால் ஆயில் வளையத்தைக் கடப்பது சற்றே குறையும். வால்வு நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றியமைக்கும் புதுவகை எஞ்சின்களில் கையேட்டை மீறிக் கெட்டியான ஆயிலை ஊற்றுவது வேறு கோளாறுகளைத் தரும். கெட்டித்தன்மையைப் போலவே ஆவியாகும் தன்மையும் முக்கியம். ஆயிலை 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடேற்றி எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்று பார்ப்பது நோவாக் சோதனை. இன்றைய அமெரிக்கத் தரவரையறை 15 சதவீதம் வரை அனுமதிக்க, ஐரோப்பிய வரையறைகள் பலவும் 13 சதவீதத்துக்கு மேல் விடுவதில்லை. நல்ல செயற்கை ஆயில்கள் இதற்கும் வெகுவாகக் கீழே நிற்பதுண்டு. புகையை நிறுத்துவதாகக் கூறிச் சிறு டப்பாவில் விற்கப்படுபவை பெரும்பாலும் ஆயிலைக் கெட்டியாக்கும் பாலிமர்களே. கார் விற்கும் நாள் வரை அவை உதவலாம், வைத்துக்கொள்பவருக்கு உதவா.

பராமரிப்பில் ஒரு வழக்கத்தைச் சுட்டியாக வேண்டும். நம் வெயிலுக்கு எதற்கு என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதனால் எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் ஓட, பெட்ரோல் ஆயிலில் கலந்து, கசடும் தேய்மானமும் கூடுகின்றன. வெப்பம் ஏறுவது ரேடியேட்டரின் நோயாக இருக்க, மருந்தைத் தவறான இடத்தில் தேடும் செயல் இது. ஏர் ஃபில்டர் சரியாகப் பொருந்தாமல் தூசி புகுந்தாலும் அது வளையங்களை அரைத்தே தீரும். நெடுஞ்சாலையில் சிறு எஞ்சினை நெடுநேரம் உச்ச வேகத்தில் விரட்டினால் ஆயில் செலவு தெளிவாகக் கூடும் என்பதை மேற்சொன்ன அளவுக் குறிப்பே காட்டிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் 1500 அல்லது 2000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குறையுமானால், வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஊற்றிக்கொண்டு ஓட்டுவதே பெரும்பாலோருக்குச் சிக்கனம். அதைவிட விரைவாகக் குறைந்தால் நிலைமை வேறு. ஆயிலில் உள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் மேற்பரப்பை மூடிக் கெடுக்கின்றன, ஸ்பார்க் பிளக்குகள் கரிபிடிக்கின்றன, புகைச் சான்றிதழ்ச் சோதனையில் ஹைட்ரோகார்பன் அளவும் வரம்பை மீறக்கூடும். அப்போது எஞ்சினைத் திறப்பது முறையே. ஆனால் சிலிண்டரின் விட்டத்தை அளந்து பார்க்காமல் வளையங்களை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்லும் பட்டறையை நம்பலாகாது. நீள்வட்டமாகத் தேய்ந்த சுவரில் புது வளையம் படியாது. சுவரைக் கடைந்து பெரிய அளவுப் பிஸ்டன் போட வேண்டியிருக்கும். திறக்கும் முன் கம்ப்ரஷன் அளவுகளையும் திறந்த பின் சிலிண்டர் அளவுகளையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து முதல் சில நூறு கிலோமீட்டர்கள் வரை வளையங்கள் படியும் காலமாதலால் ஆயில் சிறிது குறைவது இயல்பு. அதன் பின்னும் குறைந்தால் வண்டியை அதே பட்டறைக்குக் கொண்டுபோய், வாங்கி வைத்த அளவுகளைக் காட்டிக் கேட்கலாம்.