பிக்கப் வண்டியில் ஸ்டெப்னி டயரைப் பத்திரமாகப் பொருத்தும் முறை

மாட்டு வண்டியிலும் பஸ்ஸின் கூரை மீதும் காய்கறி மூட்டைகளை ஏற்றிச் சந்தைக்குப் போன காலம் மாறிவிட்டது. 2005ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் வண்டி விற்பனைக்கு வந்த பிறகு, சிறு சரக்கு வண்டி கிராமம்தோறும் பரவியது. இன்று சிறு விவசாயிகளில் பலர் ஒட்டன்சத்திரம், தலைவாசல், மேட்டுப்பாளையம் போன்ற சந்தைகளுக்கு இத்தகைய வண்டிகளில்தான் சரக்கை அனுப்புகிறார்கள். சொந்த வண்டியானாலும் வாடகை வண்டியானாலும், விடியுமுன் சந்தை போய்ச் சேர்ந்தால்தான் நல்ல விலை. வழியில் பஞ்சராகி இரண்டு மணி நேரம் நின்றுவிட்டால், பறித்த தக்காளியின் விலை பாதியாகக் கூட இறங்கிவிடலாம். ஆகவே ஸ்டெப்னி டயர் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதை விவசாயிகள் அலட்சியம் செய்யலாகாது.

பல வண்டிகளில் ஸ்டெப்னி சேஸிசுக்கு அடியில் தொங்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். வயல் வரப்பிலும் வண்டிப் பாதையிலும் ஓடும்போது சேறும் கல்லும் பட்டுத் தாங்கி துருப்பிடித்து விடுகிறது. பாரம் ஏற்றிய வண்டியில் பின்டயர் பஞ்சரானால், அடியில் படுத்து அதைக் கழற்றுவதும் சிரமம். இதனால் பலர் ஸ்டெப்னியைச் சரக்குத் தட்டிலேயே போட்டு வைக்கிறார்கள். போடுவதில் தவறில்லை, கட்டாமல் போடுவதுதான் தவறு.

கட்டாத டயரால் வரும் கேடு

ரிம்முடன் கூடிய டயர், வண்டியைப் பொறுத்து 12 கிலோவிலிருந்து 25 கிலோவுக்கு மேலும் எடை உள்ளது. வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகையில் திடீரென்று பிரேக் போட்டால், கட்டாத டயர் அதே வேகத்தில் முன்னே பாய்ந்து கேபினின் பின்தகட்டில் மோதும். மேடு பள்ளத்தில் குதிக்கும் டயர் காய்ப் பெட்டிகளை நசுக்கும். தட்டின் பெயிண்டை உரித்துத் துருவுக்கு வழி செய்யும். தேங்காய் நார்க் கயிற்றால் கட்டினால் உராய்வில் கயிறு அறுந்துபோகும். இரும்புச் சங்கிலியை டயரின் ரப்பர் மீது சுற்றி இறுக்கினால் பக்கச்சுவரில் தழும்பு விழும்.

துளை போடாத வழி

கேபினை ஒட்டிய முன்தடுப்பில் கனமான பைப் சட்டம் உள்ள வண்டிகளுக்கு, துளையே போடாமல் ஸ்டெப்னியை நிறுத்தி வைக்கலாம்.

40 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஆங்கிள் இரும்பில், 'ட' எழுத்து வடிவத்தில் ஒரு சட்டம் செய்துகொள்ள வேண்டும். நிற்கும் பக்கத்தை முன்தடுப்புப் பைப்போடு மேலே இரண்டும் கீழே இரண்டுமாக யூ கிளாம்ப் போட்டு இணைக்கலாம். தரையில் படுக்கும் பக்கத்தின் மேல், டயர் உட்காரும் அளவுக்குக் குடைந்த மரக்கட்டையைப் பொருத்த வேண்டும். டயரின் எடையை இக்கட்டையே தாங்கும். பைப் சட்டம் சாயாமல் மட்டும் பிடித்துக்கொள்ளும். இரும்பும் இரும்பும் தொடும் இடங்களிலெல்லாம் பழைய டியூபை வெட்டி வைத்தால் பெயிண்ட் கெடாது, சத்தமும் வராது.

ரிம்மின் நடுத்துளை வரும் உயரத்தில், சட்டத்தில் ஒரு நீண்ட போல்ட்டை வெல்டிங் செய்ய வேண்டும். டயரை அதில் மாட்டி, நடுத்துளையை விடப் பெரிய இரும்புத் தகட்டை வெளியே வைத்து, நட்டும் அதன் மேல் இன்னொரு நட்டும் போட்டு இறுக்க வேண்டும். கையால் உலுக்கினால் டயர் அசையக் கூடாது. அவ்வளவு இறுக்கம் போதும். அளவுக்கு மீறி முறுக்கினால் ரிம் தகடு வளையும். சக்கர நட்டு உட்காரும் துளைகளில் சாதாரண போல்ட்டைச் செருகுவதும் கூடாது. அத்துளைகளின் சரிவான விளிம்பு தேய்ந்தால், பிறகு சக்கரம் மாட்டும்போது நட்டு சரியாகப் பிடிக்காது.

காற்று வால்வு வெளிப்பக்கம் பார்க்கும்படி மாட்டினால், டயரைக் கழற்றாமலே காற்றைச் சோதிக்கலாம்.

துளை போட நேர்ந்தால்

பைப் சட்டம் இல்லாத வண்டிகளில் தட்டின் தரையில் துளை போட வேண்டியிருக்கும். டிரில் வைக்கும் முன் வண்டிக்கு அடியில் போய்ப் பார்ப்பது அவசியம். டீசல் டேங்க், டீசல் குழாய், பிரேக் குழாய், ஒயர்கள், கேஸ் வண்டியானால் சிலிண்டர் ஆகியவை அந்த இடத்துக்கு நேர் கீழே இருக்கலாம். சேஸிசின் நீண்ட சட்டங்களில் துளையும் போடக் கூடாது. வெல்டிங்கும் செய்யக் கூடாது. அங்கே விரிசல் கண்டால் வண்டியே பலவீனமாகிவிடும்.

தட்டின் தகடு மெல்லியது. வெறும் போல்ட்டும் வாஷரும் போட்டால் சில மாதங்களில் தகடு கிழியும். ஆகவே மேலும் கீழும் ஆறு அங்குலச் சதுரமான, 4 அல்லது 5 மில்லிமீட்டர் கனமுள்ள தகடுகளை வைத்து நடுவில் தரையைப் பிடிக்கச் செய்ய வேண்டும். தரையில் உள்ள மேடுகளில் இரண்டையாவது இத்தகடு தழுவி நிற்பது நல்லது. பள்ளத்தில் நீர் தேங்குவதால் துளையை மேட்டிலேயே போடலாம். துளை போட்டதும் பிசிறை அரத்தால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசிக் காய்ந்த பின் போல்ட் மாட்ட வேண்டும்.

வெல்டிங் வேலை அனைத்தையும் வண்டிக்கு வெளியே, சட்டத்தில் மட்டும் முடித்துக்கொள்வதே பாதுகாப்பு. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் மின்னணுக் கருவிகள் அதிகம். வண்டி மீதே வெல்டிங் வைத்தால் அவை பழுதாக இடமுண்டு.

இடம் தேர்ந்தெடுத்தல்

முன்தடுப்பின் இடது மூலையே ஏற்ற இடம். நம் நாட்டில் வண்டி சாலையின் இடது ஓரமாக நிற்பதால், எதிரும் பின்னும் வரும் வண்டிகளுக்கு ஒதுங்கி நின்று டயரை இறக்கலாம். திறந்து மூடும் பக்கப் பலகையில் டயரை மாட்டக் கூடாது. கீல் அந்தச் சுமையைத் தாங்காது. தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படியும் மாட்டலாகாது. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. சந்தேகம் இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நலம்.

சரக்கு ஏற்றும்போது டயருக்கு முன்னால் கடைசியாக இறக்கும் மூட்டையை வைக்காமல், எளிதில் நகர்த்தக்கூடிய பெட்டிகளை வைக்க வேண்டும். ஜாக்கியும் ஸ்பேனரும் சரக்குக்கு அடியில் போகாமல் கேபினுக்குள் இருக்கட்டும். ஆடு, கன்று ஏற்றுவோர் போல்ட் முனைக்கு ரப்பர் மூடி போடுவது அவசியம்; இல்லையேல் கால்நடைக்குக் காயம் ஏற்படும்.

டயரின் பராமரிப்பு

தட்டில் உள்ள ஸ்டெப்னிக்கு வெயிலே முதல் எதிரி. படுதாத் துணியில் உறை தைத்துப் போடலாம். மழைக்குப் பின் அதைக் கழற்றி உலர்த்த வேண்டும். டீசல், மண்ணெண்ணெய், மருந்துக் கரைசல் பட்டால் ரப்பர் ஊறிக் கெடும். பொட்டாஷ் உரமும் உப்பும் ரிம்மைத் துருவாக்கும். இவற்றை ஏற்றிய நாளில் டயரை நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான காலத்தைக் காட்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் என்று பொருள். ஓடாத டயரும் வயதாகி வெடிப்பு விடும். ஐந்து ஆண்டைத் தாண்டிய ஸ்டெப்னியை ஆண்டுக்கொரு முறை டயர் கடையில் காட்டிச் சோதிப்பது நல்லது.

வண்டிக்கு அமாவாசைதோறும் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போடுவது பல வீடுகளில் வழக்கம். அன்றே நான்கு டயர்களோடு ஸ்டெப்னிக்கும் காற்றுப் பார்த்து, பாரம் ஏற்றிய பின்டயருக்குக் கையேட்டில் சொன்ன அளவுக்கு நிரப்பிக்கொள்ளலாம். சட்டத்தின் நட்டுகளையும் அப்போதே இறுக்கிவிடலாம். ஐந்து நிமிட வேலை. சந்தைக்குப் போகும் இரவில் அதுவே ஒரு வண்டிச் சரக்கைக் காப்பாற்றும்.