சொல்லி விற்றால் வம்பில்லை

அந்தமானில் பழைய ஆடியோ கருவியை விலைக்குக் கொடுப்பவர்கள் விளம்பரத்தில் மறைப்பதை உப்புக்காற்று காட்டிக்கொடுத்துவிடும்.

மாற்றல் உத்தரவு வந்ததும் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) மத்திய அரசு ஊழியர்களின் வீடுகளில் சாமான்களைக் கழித்துக்கட்டும் படலம் தொடங்கிவிடும். சென்னைக்குக் கடல்வழியே சுமார் 1,200 கி.மீ.; கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். எனவே கட்டில், பீரோவோடு கனமான ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் விலைக்கு வருகின்றன. விளம்பரமோ பெரும்பாலும் ஒரே வரி: 'நல்ல நிலையில் உள்ளது.'

வம்பு அங்கேதான் ஆரம்பம். வாங்குபவர் அபர்தீன் பஜார் பக்கம் இருந்தால் நேரில் வந்து பாட வைத்துக் கேட்கலாம். கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில் இருந்தால்? நடுவே 500 கி.மீ.க்கு மேல் கடல். பெட்டியைப் பிரித்த பிறகு ஒரு ஸ்பீக்கர் ஊமை என்று தெரிந்தால், பணமும் போய் நட்பும் போய்விடும். காதால் கேட்க முடியாதவருக்கு விளம்பரம்தான் காது.

கம்பெனி பெயர் மட்டும் போதாது. பின்புறத் தகட்டில் உள்ள மாடல் எண்ணை அப்படியே எழுத வேண்டும். வோல்டேஜும் அங்கேதான் இருக்கும். ஜப்பானுக்குள் விற்பதற்காகச் செய்யப்பட்ட செட் 100 வோல்ட்டில் ஓடுவது. நம் ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் புகைதான் மிச்சம். அத்தகைய பழைய செட்களில் எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரையே எடுக்கும். இந்திய நிலையங்கள் இருப்பது 88 முதல் 108 வரை. வாட்ஸ் விஷயத்திலும் உஷார் தேவை. ஆயிரக்கணக்கில் மிரட்டும் பி.எம்.பி.ஓ. ஸ்டிக்கரை நம்பிப் பயனில்லை; ஆர்.எம்.எஸ். வாட்ஸும் ஸ்பீக்கரின் ஓம்ஸும்தான் கணக்கு.

அடுத்தது உடல்நிலை. தீவின் ஈரப்பதத்தில் ஸ்பீக்கர் விளிம்பிலுள்ள ஃபோம் வளையம் சீக்கிரம் பொடிந்துபோகும். டேப் டெக்கின் ரப்பர் பெல்ட் தளர்ந்தால் பாட்டு இழுக்கும். வால்யூமைத் திருகும்போது கரகரப்பு வந்தால் உள்ளே அழுக்கோ களிம்போ சேர்ந்திருக்கிறது என்று பொருள். கேசட்டில் பூஞ்சை படிந்திருந்தால் டேப்பின் ஹெட்டையும் கெடுக்கும். இவற்றில் எது இருக்கிறது, எதைச் சரிசெய்தாயிற்று, கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தது என்பதை எழுதிவிடுவது உத்தமம்.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் மறைக்கக் கூடாது: கடல்நீர் பட்டதா? 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட தீவுகள் இவை. நீரில் நனைந்த கருவி காய்ந்தபின் பாடலாம். ஆனால் உள்ளே தங்கிய உப்பு ஈரத்தை இழுத்து, செம்புத் தடங்களை மெல்ல அரித்துவிடும். மின் ஆபத்தும் உண்டு.

படங்களுக்கு இப்போது சாக்குச் சொல்ல முடியாது. 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை-அந்தமான் கடலடி கேபிள் கிரேட் நிக்கோபார் வரை செல்கிறது. முன்புறம், பின்புறம், துருப்பிடித்த திருகு, கீறல் எல்லாம் தெரியும்படி படம்; பாடிக்கொண்டிருக்கும்போது ஒரு நிமிட வீடியோ. இது போதும்.

கடைசியில் விலை. ரிமோட், வயர், மூல அட்டைப்பெட்டி உண்டா, கப்பல் கூலி யார் தலையில் என்பதும் அதோடு சேர வேண்டும். ரெக்கார்ட் பிளேயர் என்றால் சுழலும் தட்டைத் தனியே கழற்றி, முள் இருக்கும் கையைக் கட்டி அனுப்புவதாக உறுதி தரலாம்.

குறையைச் சொன்னால் விலையில் சில நூறு குறையலாம். ஆனால் குறையைத் தெரிந்துகொண்டு வாங்கியவர் புதிய பெல்ட்டை முன்கூட்டியே சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்துக்கொள்வார். தெரியாமல் வாங்கியவரோ அடுத்த கப்பலில் பெட்டியைத் திருப்பி அனுப்புவார், வசவுகளோடு.