பானட்டைத் திறந்து பேசிய பேரம்

மடுல்சீமையில் ஒரு காலத்தில் கார் என்றால் அது தோட்டத் தொரையின் கார். அதற்கடுத்து வசதியுள்ள ஓரிரு பெரிய கங்காணிமார் வைத்திருந்ததுதான். பேரம் பேசுகிற சாமர்த்தியத்துக்கு லயத்தில் குறைவில்லை. ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லி விலையை இறக்கத் தெரிந்தவர்கள் டிவிசனுக்கு நாலு பேராவது இருந்தார்கள். வாகனத்துக்கு அந்தச் சாமர்த்தியத்தைக் காட்டத்தான் கையில் காசில்லை.

காசிருந்தவர்களுக்கும் அன்று சுலபமில்லை. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களில் இறுகிய கார் இறக்குமதி 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை பெரிதாகத் தளரவில்லை. நாட்டுக்குள் இருந்த மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் கைமாறிக்கொண்டே இருந்தன. வண்டி பழசாகும், விலை மட்டும் இறங்காது. 1977க்குப் பிறகு ஜப்பானில் ஓடிய வேன்கள் கப்பலில் வந்தன. இந்தியாவின் பஜாஜ் முச்சக்கரவண்டியும் வந்தது. எங்கள் பக்கத்தின் உண்மையான ‘புதுக் கார்’ அந்த முச்சக்கரவண்டிதான். பஸ் வராத டிவிசனிலிருந்து பிள்ளைத்தாய்ச்சியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோவை விட்டால் தோட்ட லொறிதான்.

அந்தக் காலத்துப் பேரத்தைச் சொல்லவேண்டும். வாங்குகிறவர், அவருடைய மச்சான், கராஜ் பாஸ் ஒருவர் என மூன்று பேராவது பசறை வழியாகப் பதுளைக்கு இறங்குவார்கள். பேசுவதெல்லாம் மச்சான். பாஸ் வாயே திறக்கமாட்டார். முதலில் பானட்டில் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், காலையிலேயே ஸ்டார்ட் பண்ணி வைத்து ஏதோ மறைக்கிறார்கள் என்று கணக்கு. பிறகு ஒயில் கம்பியை உருவி விரலில் தேய்ப்பார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் நிற்பார். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் குடிக்கிறது. கதவு ரப்பரை இழுத்து, உள்ளே வேறு நிறப் பெயின்ட் தெரிகிறதா என்று பார்ப்பார். கடைசியில் ஏற்றத்தில் ஒரு ஓட்டம். மடுல்சீமை ரோட்டில் ஏறாத வண்டி கொழும்பில் எவ்வளவு வேகமாக ஓடினால் நமக்கென்ன? எல்லாம் முடிந்து இறங்கிவந்து, “ரிங் வேலை இருக்குண்ணே” என்று ஒரே ஒரு வசனம் சொல்வார். விற்கிறவரின் முகம் அங்கேயே விழுந்துவிடும்.

அந்தப் பேரத்தின் ஓட்டை வேறிடத்தில் இருந்தது. வண்டியை அவ்வளவு துருவியவர்கள் அதன் பதிவுப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. ‘ஓப்பன் பேப்பர்’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு பெயர் மாற்றாமலே வருடக்கணக்கில் ஓட்டினார்கள். பழைய சொந்தக்காரர் இறந்துபோன பிறகு விற்கப் போனவர்கள் பட்ட பாடு தனிக்கதை.

இன்று காட்சி தலைகீழ். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில், மூன்று நான்கு வருடம் ஓட்டிய ஆட்டோவை வாங்கிய விலைக்கு மேல் விற்றவர்கள் உண்டு. மொரிஸ் மைனர் காலம் திரும்பி வந்ததுபோல. கதவு திறந்தபோது சுங்க வரி 20 சதவீதம், அந்த வரியின் மேல் 50 சதவீத மேலதிகக் கட்டணம், எஞ்சினைப் பார்த்துக் கலால் வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத வற் வரி. விலையின் பெரும்பகுதி துறைமுகத்திலேயே முடிவாகிவிடும்போது, பதுளைக் கடைக்காரரோடு மச்சான் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டினாலும் கிடைப்பது சீட் கவரும் கால்மிதியும்தான்.

பேரம் பேச இடமுள்ளது லீசிங்கில். அங்கேதான் நம்மவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். “மாசம் எவ்வளவு கட்டணும்?” என்பதுதான் முதல் கேள்வி. விற்கிறவருக்கு அதைவிட இனிப்பான கேள்வி கிடையாது. தவணையைக் குறைத்துக் காட்ட மாதங்களைக் கூட்டினால் போதுமே. இன்னொன்று, “வட்டி 12தான் ஐயா” என்பது. பத்து லட்சம் கடன், நான்கு வருடம், முழுத் தொகைக்கும் வருடம் 12 சதவீதம் என்றால் வட்டி 4,80,000. மாதத் தவணை 30,833. ஆனால் கடனின் முதல் மாதாமாதம் கழிந்துகொண்டே வருகிறது. மிச்சமுள்ள கடனுக்கு மட்டும் கணக்குப் போட்டால் அதே தவணை ஏறக்குறைய 21 சதவீத வட்டி. இதற்கு மேல் காப்புறுதி, ஆவணச் செலவு. பாஸின் கை பானட்டில் கண்டுபிடித்த சூட்டை இங்கே கண்டுபிடிக்க ஆளில்லை.

ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்பவர்களும் குறைவு. வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் ஆவணம் தரவேண்டும் என்பதை மத்திய வங்கியின் 2023ஆம் ஆண்டு நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வலியுறுத்துகின்றன. இருந்தும், ஆங்கிலத்தில் நீட்டிய காகிதத்தில் பேனா வைத்த இடமெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, கதிர்காமத்தில் வண்டிப் பூசைக்கு நாள் பார்க்கப் போய்விடுகிறோம். தவணை தவறி வண்டியை ‘சீஸ்’ பண்ண வந்த நாளில்தான் காகிதத்தைத் தேடுகிறோம்.

இளையவர்கள் கொஞ்சம் மாறியிருக்கிறார்கள். ஜப்பான் வண்டி என்றால் ஏல அறிக்கை எங்கே, மீட்டரில் ஓடிய கணக்கு அதோடு ஒத்துப்போகிறதா என்று கேட்கிறார்கள். முன்கூட்டிக் கட்டி முடித்தால் எவ்வளவு கழிப்பீர்கள் என்று இரண்டு மூன்று கம்பனிகளிடம் எழுத்தில் கேட்கிற பையன்களும் உண்டு. முன்பணம் மட்டும் அப்பாவின் ஈ.பி.எஃப். காசிலிருந்தும், அம்மாவின் சீட்டிலிருந்தும், அடகுக்கடையிலிருந்தும்தான் இன்றும் வருகிறது. முச்சக்கரவண்டிக்குப் பெறுமதியில் 25 சதவீதம் மட்டுமே கடன் தரலாம் என்று மத்திய வங்கி 2017இல் கட்டுப்படுத்தியபோது, மீதி முக்கால்பங்குக்கு எத்தனை வீட்டுத் தாலிக்கொடி இறங்கியதோ!

பிணையாள் சங்கதி வேறு இருக்கிறது. முன்பு பெரிய கங்காணி ஒரு வார்த்தை சொன்னால் பசறைக் கடையில் கடன் கிடைக்கும். இப்போது நிரந்தரச் சம்பளம் உள்ளவர்களின் கையெழுத்து வேண்டும், சம்பளப் பத்திரத்தோடு. தோட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் யார்? பாடசாலை ஆசிரியர்கள்தான். புது வண்டிக்கு விலை பேசி முடித்த கையோடு நேராக அவர்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள், வாழைப்பழச் சீப்போடு. எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இப்போதெல்லாம் பழத்தைக் கண்டாலே, “முதல்ல அந்த எக்ரிமென்ட காட்டு தம்பி” என்கிறார்.