மகன் மாற்றிய டிஎன்எஸ், அம்மாவுக்கு வராத இணையம்

தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ் சேவையகம். ஒரு வீட்டில் அந்தச் சேவையகத்தின் முகவரியை நான்கு இடங்களில் மாற்றலாம்: ரௌட்டர், கணினி அல்லது கைப்பேசியின் வைஃபை இணைப்பு, ஆண்ட்ராய்டின் 'தனிப்பட்ட டிஎன்எஸ்', உலாவி. உலாவியில் தனியாக ஒரு சேவையகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மற்ற மூன்றும் அதற்குப் பொருட்டல்ல. ரௌட்டரில் எந்த எண் இருந்தாலும் குரோம் தனக்குச் சொல்லப்பட்ட சேவையகத்தையே கேட்கும். ஓரிடத்தில் திருத்திவிட்டு இன்னோரிடத்தை மறந்துவிடுவதில்தான் பல சிக்கல்கள் தொடங்குகின்றன.

மலேசியாவில் இந்த அமைப்புகள் ஊர்ப்பேச்சானது 2024 செப்டம்பரில். 8.8.8.8, 1.1.1.1 போன்ற பொது டிஎன்எஸ் சேவையகங்களுக்குப் போகும் கேள்விகளை உள்நாட்டுச் சேவையகங்களுக்குத் திருப்பிவிடும்படி இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போயிருந்தது. கெடு செப்டம்பர் 30. சூதாட்டம், ஆபாசம் போன்ற தளங்களிலிருந்து மக்களைக் காக்கவே இது என்றும், 2018 முதல் 2024 ஆகஸ்டு வரை 24,277 தளங்கள் தடுக்கப்பட்டன என்றும் அதிகாரத் தரப்பு விளக்கியது. எதிர்ப்பு வலுக்கவே செப்டம்பர் 8 அன்று திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பரபரப்பில் டிஎன்எஸ்ஸை மாற்றியவர்கள் எல்லாரும் அதைப் பழையபடி திருப்பி வைக்கவில்லை.

பேராக் மாநிலத்தில் இப்படி மறந்துபோன மாற்றத்தின் சுமை மாற்றியவர்மீது விழுவதில்லை. ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பிள்ளைகள் ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். சுங்கை சிப்புட், செம்மோர், பாகான் செராய் வட்டாரத்துப் பழைய தோட்டப்புறங்களில் தங்கியிருப்பவர்களில் பலர் முதியோர். தீபாவளிக்கு வரும் மகன், "வேகமா இருக்கும்மா" என்று சொல்லி அம்மாவின் கைப்பேசியில் எதையோ மாற்றிவிட்டு, விடுமுறை முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறான். சில மாதம் கழித்து ஒரு நாள் எந்தப் பக்கமும் திறப்பதில்லை. பேரப்பிள்ளையின் பள்ளிப் படிவமும், ஓய்வூதியக் கணக்கும், மருத்துவமனைத் தேதியும் இன்று அந்தச் சின்னத் திரைக்குள்தான் இருக்கின்றன. இதை வெறும் தொழில்நுட்பத் தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆகவே தொலைபேசியில் மகன் சொல்லச் சொல்ல அம்மாவே செய்து பார்க்கக்கூடிய வரிசையில் சோதனையை வைத்துக்கொள்ள வேண்டும். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டிய வீடுகளில் சிக்னலே இல்லாமல் போவதுண்டு. அதனால் சாதாரண அழைப்பு ஒன்று போகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அழைப்பு போனால் அடுத்து வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். திறந்தால் கோளாறு ரௌட்டரில், அல்லது அந்த வைஃபை இணைப்பின் அமைப்பில். திறக்காவிட்டால் பெரும்பாலும் கைப்பேசிக்குள். பிறகு வங்கிச் செயலியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். செயலிகள் உலாவியின் டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்துவதில்லை. செயலி ஓடி, உலாவி மட்டும் மறுத்தால் குற்றம் உலாவியின் அமைப்பில். இரண்டுமே மறுத்தால் 'தனிப்பட்ட டிஎன்எஸ்' பக்கம் போக வேண்டும்.

குரோமில் 'தனியுரிமையும் பாதுகாப்பும்' என்ற பகுதிக்குள், 'பாதுகாப்பு' என்பதன் கீழ் டிஎன்எஸ் கேள்விகளை மறைகுறியாக்கி அனுப்பும் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' இருக்கிறது. அதைத் தானியங்கியாக விட்டால், மறைகுறியாக்கம் கிடைக்காதபோது உலாவி சத்தமில்லாமல் சாதாரண வழிக்கு இறங்கிவிடும். குறிப்பிட்ட ஒரு சேவையகத்தைத் தேர்ந்தெடுத்தால் அப்படி இறங்காது. அந்தச் சேவையகம் எட்டாத நேரத்தில் எந்தப் பக்கமும் வராது. ஃபயர்பாக்ஸின் 'அதிகபட்சப் பாதுகாப்பு' நிலையும் இப்படித்தான். கூடவே யாரும் இல்லாத முதியவரின் கைப்பேசியில் இந்தக் கண்டிப்பான நிலையை வைப்பது தவறு. சோதிக்க, அமைப்பை அணைத்து, உலாவியை முழுமையாக மூடி, மீண்டும் திறக்க வேண்டும். மூடாமல் சோதித்தால் தற்காலிக நினைவில் உள்ள பழைய பதிலே திரும்பி வரக்கூடும். சேவையக முகவரியைக் கையால் எழுதியிருந்தால் ஒவ்வோர் எழுத்தையும் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி சேர்ந்துவிடுவதுண்டு.

ஆண்ட்ராய்டில் 'தனிப்பட்ட டிஎன்எஸ்' 2018இல், 9ஆம் பதிப்போடு வந்தது. அங்கே எண் செல்லாது, சேவையகத்தின் பெயரைத்தான் எழுத வேண்டும். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் இணையம் நின்றுவிடும். பெயர் சரியாக இருந்தும் ஓரிடத்தில் மட்டும் வேலை செய்யாவிட்டால், 'தனிப்பட்ட டிஎன்எஸ்' பயன்படுத்தும் 853ஆம் போர்ட்டை அந்த வலையமைப்பு அடைத்திருக்கலாம். உலாவியின் மறைகுறியாக்கக் கேள்விகள் வழக்கமான இணையப் போக்குவரத்தோடு 443ஆம் போர்ட் வழியாகப் போவதால் இந்தத் தடையில் சிக்குவதில்லை.

பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் நிலைமை இன்னும் மோசம். டிஎன்எஸ்ஸை மாற்ற, வைஃபை இணைப்பையே நிலையான ஐபி முகவரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. பேராக்கின் மாலை இடியில் மோடம் கருகிப் புதிய ரௌட்டர் வந்து, அதற்கும் பழைய வைஃபை பெயரையே வைத்தால், அது 192.168.0 வரிசைக்குப் பதிலாக 192.168.1 வரிசையில் முகவரி கொடுக்கலாம். கைப்பேசியோ பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். வைஃபை இணைந்ததாகத் திரை காட்டும். இணையம் மட்டும் வராது. அந்த வைஃபையை 'மறந்துவிடு' என்று நீக்கி, கடவுச்சொல்லைக் கொடுத்து மறுபடி சேர்த்தால் தீர்ந்தது.

மடிக்கணினியின் தேதி தவறாக இருந்தால் சான்றிதழ் சோதனை தோற்று, மறைகுறியாக்க டிஎன்எஸ்ஸும் தோற்கும். மருத்துவமனை, ரயில் நிலைய வைஃபையில் நுழைவுப் பக்கம் வராவிட்டால், நீங்கள் வைத்த டிஎன்எஸ் அமைப்பைச் சற்று நேரம் அணைத்து, உள்ளே நுழைந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். 1.1.1.3 போன்ற குடும்பச் சேவையகங்கள் ஆபாசத் தளங்களை வேண்டுமென்றே மறைப்பவை. அந்தத் தளங்கள் திறக்காததைக் கோளாறாகக் கொள்ளக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, வழி தெரியாத முதியவர் கைப்பேசியை அறிமுகமில்லாத ஒருவரிடம் நீட்டுவது. டிஎன்எஸ்ஸை மாற்றுபவர், வங்கியின் பெயரைத் தட்டினால் எந்தச் சேவையகம் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறார். 'டிஎன்எஸ் சேஞ்சர்' என்ற தீநிரல் உலகெங்கும் சுமார் 40 லட்சம் கணினிகளில் இதைத்தான் செய்தது. 2011இல் அதை இயக்கிய கும்பல் பிடிபட்ட பின்னும், பாதிக்கப்பட்டோர் இணையத்தை இழக்காதிருக்க மாற்றுச் சேவையகங்களை 2012 ஜூலை 9 வரை ஓட்ட வேண்டியிருந்தது. தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு கிடக்கும் ரௌட்டர் இன்றும் அதே வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்பும் பிள்ளைகள் பெற்றோரின் கைப்பேசியில் டிஎன்எஸ்ஸைத் தானியங்கிக்கே திருப்பி வைக்க வேண்டும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், எந்த இடத்தில், என்ன முகவரி, எந்தத் தேதியில், திருப்புவது எப்படி என்று பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி ரௌட்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள்.