நான்கு இன்ஜெக்டர், இரண்டு சுவிட்ச்

அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டுக் கராஜிலேயே விமானம் கட்டிப் பறக்கச் சட்டம் இடம் தருகிறது. கற்பதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ, கட்டும் வேலையில் பெரும்பகுதியை அமெச்சூர்களே செய்திருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. அப்படிக் கட்டுகிறவர்களில் ஒரு சிறு கூட்டம் விமான இன்ஜினை விட்டுவிட்டு, மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து 13பி இன்ஜினைக் கழற்றி வந்து விமானத்தின் மூக்கில் பொருத்துகிறது.

13பி ஒரு வாங்கெல் இன்ஜின். ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வாங்கெலின் சிந்தனையில் பிறந்த இந்த வகை, என்எஸ்யூ நிறுவனத்தில் 1957-இல் முதன்முதலாக ஓடியது. இதில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. வேர்க்கடலை ஓடு போல நடுவில் லேசாக இடுங்கிய அறைக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோண ரோட்டார் சுழல்கிறது. அது ஒரு சுற்று முடிப்பதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும். 13பி-யில் இப்படி இரண்டு ரோட்டார்கள். ஒவ்வொன்றும் 654 சிசி. இரண்டு ரோட்டார், ஒரு ஷாஃப்ட்: அசையும் பெரிய பாகங்கள் அவ்வளவுதான். (இதையும் ரோட்டரி இன்ஜின் என்பார்கள். முதல் உலகப் போர்க் காலத்து ரோட்டரி இன்ஜின் வேறு. அதில் சிலிண்டர்கள் அத்தனையும் புரொப்பல்லரோடு சேர்ந்தே சுற்றின.)

உடைந்துபோகக்கூடிய பாகம் குறைவு, அதிர்வும் குறைவு என்பதுதான் இவர்களை ஈர்க்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் இது பழைய விமான இன்ஜினிடம் தோற்கிறது. பழைய இன்ஜினுக்குத் தீப்பொறி மாக்னெட்டோவிலிருந்து வருகிறது. பேட்டரி செத்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். 13பி-யில் எரிபொருளைப் பீய்ச்சுவது மின்சாரத்தால் திறக்கும் இன்ஜெக்டர். மின்சாரம் நின்றால் இன்ஜின் நின்றுவிடும். ஆகவே இறக்கையின் ரிவெட்டுகளுக்குக் கொடுக்கும் கவனத்தை வயருக்கும் கொடுத்தே தீரவேண்டும்.

ரோட்டாருக்கு இரண்டாக மொத்தம் நான்கு இன்ஜெக்டர்கள். ஒன்று முதன்மை, மற்றது துணை. குறைந்த வேகத்தில் முதன்மை மட்டும் வேலை செய்யும். சக்தி கூடுதலாகத் தேவைப்படும்போது துணையும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் இரண்டு முனைகள். ஒன்றில் 12 வோல்ட் எப்போதும் வந்து நிற்கும். மற்ற முனையிலிருந்து ஒரு வயர் இன்ஜின் கணினிக்குப் போகும். கணினி அந்த வயரைச் சில மில்லி வினாடி நேரம் எர்த்தோடு சேர்க்கும், இன்ஜெக்டர் திறக்கும். விட்டதும் மூடிக்கொள்ளும்.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கணினிக்குப் போகும் அந்த வயர் எங்காவது உரசி, மேலுறை தேய்ந்து, இன்ஜின் உடம்பைத் தொட்டுவிட்டால்? அதுவே பாடி எர்த். இன்ஜெக்டர் திறந்தபடியே நின்றுவிடும். கணினியால் அதை மூட முடியாது. அந்த ரோட்டாருக்குள் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கும். ஃபியூஸ் போய்க் காப்பாற்றுமே என்று தோன்றலாம். போகாது. மின்சாரம் இன்ஜெக்டரின் சுருள் வழியாகத்தானே பாய்கிறது? சுருளின் தடை 14 ஓம், சார்ஜ் ஆகும்போது பேட்டரியில் 14 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், பாய்வது ஒரே ஓர் ஆம்பியர். ஐந்து ஆம்பியர் ஃபியூஸுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கணினிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனாலும் இதே கதிதான்.

வழி ஒன்றுதான்: 12 வோல்ட் வரும் பக்கத்தில், விமானி கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சுவிட்ச். அதை அணைத்தால் அந்த இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும். இந்த வயரிங்கில் இதைவிட முக்கியமான சுவிட்ச் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நான்குக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச் போட்டால் அந்தச் சுவிட்ச் பழுதாகும் நாளில் இன்ஜின் மொத்தமாகப் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிட்ச் என்றால், பதற்றமான நேரத்தில் எது எது என்று விமானி தேட வேண்டியிருக்கும். இரண்டு சுவிட்ச் போதும். ஆனால் எப்படிப் பிரிப்பது? முன் ரோட்டாருக்கு ஒன்று, பின் ரோட்டாருக்கு ஒன்று என்று பிரித்தால், ஒன்றை அணைத்ததும் ஒரு ரோட்டார் முழுவதும் பட்டினி. மாறாக, முதன்மை இரண்டுக்கும் ஒன்று, துணை இரண்டுக்கும் ஒன்று என்று பிரித்தால், நான்கும் வேலை செய்யும் சக்தியில் எதை அணைத்தாலும் இரண்டு ரோட்டாருக்கும் எரிபொருள் போகும். நான் பார்த்தவரை சரியான பிரிவு இதுதான். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி ஃபியூஸும் வேண்டும். 12 வோல்ட் பக்கத்து வயர் உடம்பைத் தொட்டு ஃபியூஸ் போனாலும் மற்ற ஜோடி உயிரோடு இருக்கும்.

ஒரு ஜோடியால் முழுச் சக்தி கிடைக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் வினாடிக்கு 100. ஒரு சுற்றுக்கு 10 மில்லி வினாடி. ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ரோட்டாரும் ஒருமுறை மூச்சிழுக்கிறது. ஒரு மூச்சுக்கு இரண்டு இன்ஜெக்டரும் ஆளுக்கு ஆறு மில்லி வினாடி பீய்ச்ச வேண்டியிருந்தால், ஒன்று மட்டும் அந்த வேலையைச் செய்ய 12 மில்லி வினாடி வேண்டும். கையில் இருப்பதோ 10. ஆகவே திராட்டிலைக் குறைத்தாக வேண்டும். கணினி தானாக ஈடுசெய்யாத அமைப்பில், ஒரு ஜோடி நின்றதும் கலவையில் பெட்ரோல் சட்டென்று குறைந்துபோகும். கலவைக் குமிழைத் திருப்பி விமானியே அதைக் கூட்ட வேண்டும். விமான நிலையம் வரை போய்ச் சேர அது போதும்.

சுவிட்ச்சையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழங்கை பட்டு அணைந்துவிடாதபடி, இழுத்துத் தூக்கினால் மட்டுமே நகரும் டாகிள் சுவிட்ச் நல்லது. அதன் முனைகளில் வயரைப் பற்றவைப்பதைவிடக் கிரிம்ப் செய்வது மேல். உருகிய ஈயம் வயரின் இழைகளுக்குள் ஏறி இறுகிவிடும். இறுக்கம் முடியும் இடத்தில் அதிர்வு பட்டுப் பட்டு இழைகள் ஒடியும். சுவிட்ச் இரண்டு, ஃபியூஸ் இரண்டு என்று பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, கணினியின் எர்த்தை மட்டும் ஒரே போல்ட்டில் மாட்டிவைப்பதும் உண்டு. அந்த ஒரு போல்ட் தளர்ந்தால் பாடுபட்டதெல்லாம் வீண்.

தரையிலும் இந்தச் சுவிட்ச்சுகளுக்கு வேலை உண்டு. ரோட்டரி இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் அதிகமாகிப் பிளக் நனைந்துபோவது பழகிய தொல்லை. இரண்டு சுவிட்ச்சையும் அணைத்து, திராட்டிலை முழுக்கத் திறந்து, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டால் தேங்கியது வெளியேறிவிடும். பறக்கும் முன் சோதிக்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடுகையில் துணைச் சுவிட்ச்சை அணைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அப்போது துணை இன்ஜெக்டர்களே ஓடுவதில்லை. நான்கும் வேலை செய்யும் அளவுக்குச் சக்தியை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு ஜோடியாக அணைத்து, மற்ற ஜோடி தாங்குகிறதா என்று பார்த்த பிறகே ஓடுபாதைக்குப் போக வேண்டும்.